யாருக்காக இந்தப் புத்தகங்கள்?

— மூன்றாமாண்டு மின்னியல் துறை மாணவி



நம் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். யூனிட் டெஸ்ட்டுக்குப் படிக்க ஆளுக்கொரு தாள்கூட இருக்காது. ரெக்கார்டு நோட்டு பாதியில் நிற்கும். வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடப்புத்தகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது. கேன்டீன் இல்லாமல்கூட இருந்துவிடுவோம். ஜெராக்ஸ் கடை இல்லாமல் ஒரு செமஸ்டரைத் தாண்ட முடியாது என்றால் அது மிகையாகாது.

ஆனாலும் அந்தக் கடையில் நிற்கும்போது நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது. "புத்தகத்தை நகல் எடுப்பது திருட்டுக்குச் சமம்" என்று மேடையில் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். புத்தகக் கடையில் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிற சிரிப்பையும் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு, நாமெல்லாம் ஓசியில் படிக்கிறவர்கள் என்று நமக்கே நம் மேல் ஒரு எண்ணம் விழுந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இரண்டே விஷயம். ஒன்று, பாடம் படிப்பதற்காக நகல் எடுப்பது திருட்டு அல்ல, நம் நாட்டுச் சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு, அதற்காக ஜெராக்ஸோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்ளவும் கூடாது. நமக்கான புத்தகத்தை, நமக்குப் புரிகிற மொழியில், நம் கைக்கு எட்டுகிற விலையில் போட்டுத்தர வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை. அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் யாருமில்லை. அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றப் போகிறார். வீட்டுக்குள் வந்த முதல் தடித்த புத்தகம் என்னுடைய மின்னியல் பாடப்புத்தகம்தான். அதுவும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ். புத்தகத்தின் விலை ஏறினால் அதன் வலி முதலில் தெரிவது என்னைப் போன்றவர்களுக்குத்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் எதற்குப் புத்தகம் போடுகிறது?

'ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டி பிரஸ்', 'கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி பிரஸ்' என்ற பெயர்களை அகராதி அட்டையிலும் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்திலும் எல்லோரும் பார்த்திருப்போம். ஏதோ பெரிய வெளிநாட்டுக் கம்பெனி என்று நினைப்போம். இவை கம்பெனி அல்ல. முதலாளி என்று ஒரு தனி மனிதரோ, ஷேர் வைத்திருப்பவர்களோ கிடையாது. பல்கலைக்கழகத்தின் ஒரு துறை போலவே இயங்குகிற பதிப்பகங்கள் இவை. வருகிற உபரிப் பணம் பல்கலைக்கழகத்துக்கே போகிறது.

ஆக்ஸ்போர்டில் முதல் புத்தகம் அச்சானது 1478-ல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அச்சடிக்கும் உரிமையை எட்டாம் ஹென்றி மன்னர் கொடுத்தது 1534-ல். ஐந்நூறு வருஷமாக ஏன் இந்த வேலையைச் செய்கிறார்கள்? ஏனென்றால், சில புத்தகங்களை வியாபாரி போடமாட்டார். பத்து வருஷம் உழைத்து எழுதிய ஆராய்ச்சி நூலை உலகம் முழுக்கச் சேர்த்து சில நூறு பேர்தான் வாங்குவார்கள். நஷ்டம் வரும். ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அறிவு அங்கேயே நின்றுவிடும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் பல்கலைக்கழகப் பதிப்பகம் என்ற ஏற்பாடே பிறந்தது.

தமிழுக்கே இதில் லாபம் உண்டு. ஜி.யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த திருவாசகம் 1900-ல் வெளிவந்தது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் பிரஸ்ஸில்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் மட்டுமல்லாமல் மலைவாழ் மக்கள் பேசும் திராவிட மொழிகளையும் சேர்த்து, சொற்களின் வேரைக் காட்டும் அகராதியை பர்ரோ, எமனோ என்ற இரு பேராசிரியர்கள் தொகுத்தார்கள். 1961-ல் அதை வெளியிட்டதும் அதே பதிப்பகம்தான்.

வெளிநாடு வரை போவானேன்? நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் தொடங்கிய வேலை. 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிறகு ஓர் அநுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இருபது வருஷத்துக்கு மேல் சம்பளம் கொடுத்து ஆட்களை உட்கார வைத்து, ஒரு சொல் எந்த ஊரில் எப்படி வழங்குகிறது என்று தேட எந்த வியாபாரிக்கு மனசு வரும்? பல்கலைக்கழகம் செய்தது. இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, பல்கலைக்கழகப் பதிப்பகங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவதற்காக நான் எழுதவில்லை. மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் கேள்வியும் வருகிறது.

தலைகீழான ஒரு வியாபாரம்

இந்தப் படிப்புலகப் பதிப்பு வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைகளை, அதாவது 'ஜர்னல்' என்று நம் ஆசிரியர்கள் சொல்வார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டுரை எழுதும் பேராசிரியருக்குப் பதிப்பகம் பொதுவாகச் சம்பளம் தருவதில்லை. அவர் சம்பளம் பெரும்பாலும் அரசாங்கப் பணம், இல்லையென்றால் மாணவர் கட்டிய பணம். அந்தக் கட்டுரை சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லும் மற்ற பேராசிரியர்களும் பெரும்பாலும் கூலி வாங்காமலே பார்த்துக் கொடுக்கிறார்கள். பதிப்பகம் அதைத் திருத்தி, அடுக்கி, அச்சேற்றி, அதே கல்லூரிகளின் நூலகங்களுக்கு விலைக்கு விற்கிறது.

இதை எங்கப்பாவிடம் அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். கூலித் தறியில் பாவு நூலும் ஊடை நூலும் முதலாளி தருவார், நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி வரும். இங்கே, நெசவாளியே நூல் வாங்கி, சொந்தத் தறியில் நெய்து, துணியைச் சும்மா கொடுத்துவிட்டு, மறுபடி அதே துணியைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கப்பா சிரித்துவிட்டு, "அப்படி ஒரு யாவாரம் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் எப்பவோ மொதலாளி ஆயிருப்பேனே சாமி" என்றார்.

பாடப்புத்தகம் கொஞ்சம் வேறு மாதிரி. அதை எழுதுகிறவருக்கு ராயல்டி உண்டு. தாள், அச்சு, திருத்துகிறவர் சம்பளம் என்று பதிப்பகத்துக்கும் உண்மையான செலவு இருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாடத்தில் இருக்கிறது, இன்னொரு புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் என்றால் ஒரு மாணவர் எத்தனை புத்தகம் வாங்க முடியும்? இந்தக் கேள்விதான் டெல்லியில் கோர்ட்டுக்குப் போனது.

டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கு

டெல்லி பல்கலைக்கழகத்தில் 'டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்' வளாகத்துக்குள் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்று ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகமே லைசென்ஸ் கொடுத்து நடந்த கடை. ஆசிரியர்கள், பாடத்திட்டத்துக்குத் தேவையான அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அவற்றை நகல் எடுத்து ஒரே கட்டாகப் பைண்டிங் போட்டு மாணவர்களுக்குக் கொடுப்பார். நம் ஊரில் நடப்பதுதான், வேறொன்றுமில்லை.

2012 ஆகஸ்டில் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது. போட்டவர்கள் யார்? ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரிய பதிப்பகங்கள். பதிப்புரிமை பறிபோகிறது என்பது புகார். அந்த வருஷமே, பாடக்கட்டுகளை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வந்துவிட்டது. ஐந்நூறு வயசான பதிப்பகங்கள் ஒரு பக்கம், ஒரு ஜெராக்ஸ் மிஷின்காரர் இன்னொரு பக்கம்!

இந்த இடத்தில்தான் மாணவர்கள் எழுந்தார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, 'கடைக்காரர் மட்டும் அல்ல, பாதிக்கப்படுவது நாங்கள், எங்களையும் வழக்கில் சேருங்கள்' என்று கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஆசிரியர்களும் கல்வியாளர்களும் இன்னொரு சங்கமாக வந்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், புத்தகம் எழுதியவர்களே பதிப்பகங்களுக்கு எதிராகப் பேசினார்கள். 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். வழக்கில் காட்டப்பட்ட புத்தகங்களின் ஆசிரியர்கள் பலரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் புத்தகம் வெளியிட்டிருக்கிற நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் இந்த வழக்கைத் தொடர வேண்டாம் என்று பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். 'எங்கள் எழுத்தைக் காப்பாற்றத்தானே கேஸ் போட்டீர்கள், எங்களுக்கு அது வேண்டாம்' என்று எழுதியவர்களே சொன்னால் அப்புறம் என்ன இருக்கிறது?

2016 செப்டம்பர் 16-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு நூலை நகல் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீதிபதி ஒரு எளிமையான நியாயமும் சொன்னார். நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொள்வது தவறில்லை, செல்போனில் படம் பிடித்துக்கொள்வது தவறில்லை என்றால், அதையே மிஷினில் எடுத்தால் மட்டும் எப்படித் தவறாகும்?

பதிப்பகங்கள் அப்பீலுக்குப் போயின. அதே வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அடிப்படையில் அதே கருத்தைச் சொன்னது. இத்தனை சதவீதம் பக்கம்தான் எடுக்கலாம் என்று சட்டத்தில் அளவு எதுவும் இல்லை, பாடம் நடத்த அது தேவையா என்பதுதான் கேள்வி என்றது. அந்தத் தேவையை மட்டும் விசாரித்துப் பார்க்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. பதிப்புரிமைக்காரர்களின் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017 மே மாதம் அங்கேயும் தள்ளுபடி.

ஆகவே தோழர்களே, ஜெராக்ஸ் கடையில் தலை குனிந்து நிற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இந்த வழக்குக்கு முன்பே, இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு வரிவிலக்கு கேட்டு ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வாதாடியது. 'நாங்கள் பல்கலைக்கழகத்தின் ஒரு அங்கம்' என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் நீங்கள் கல்வி நடத்தவில்லை, புத்தகம்தான் போட்டு விற்கிறீர்கள் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை மறுத்துவிட்டது. வரி கட்டும் இடத்தில் 'நான் கல்விக்கூடம்', ஜெராக்ஸ் கடைக்காரர் முன்னால் 'நான் வியாபாரி'! இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

எல்லாவற்றையும் நகல் எடுக்கலாமா?

"அப்போ யாருமே புத்தகம் வாங்காதீங்க, எல்லாத்தையும் ஜெராக்ஸ் போடுங்கன்னு சொல்றியா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. இல்லை, அப்படிச் சொல்லவில்லை.

டெல்லித் தீர்ப்பு கற்பிப்பதற்கும் கற்பதற்கும் கொடுத்த இடம். முழுப் புத்தகத்தையும் ஆயிரம் காப்பி அடித்து அட்டை போட்டுச் சந்தையில் விற்க அது லைசென்ஸ் அல்ல. நம் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் சொந்தக் காசு போட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்து, நம் கைக்கு எட்டுகிற விலை வைத்து விற்கிறார் என்றால், அதையும் நகல் எடுப்பது அவர் வயிற்றில் அடிப்பதுதான். அவர் அடுத்த புத்தகம் எழுதமாட்டார். நஷ்டம் நமக்கு. உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதைத் தறிக்காரர் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு அத்தியாயம் வேண்டுமா, நகல் எடு. நம்மால் வாங்க முடிகிற விலையில் புத்தகம் இருக்கிறதா, வாங்கு, வாங்கி இரண்டு பேர் சேர்ந்து படி. இதுதான் என் கணக்கு.

ஜெராக்ஸில் வராத ஒன்று

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். மனசை உறுத்துவதும் இதுதான்.

முதலாண்டில் எங்கள் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம். அவன் மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு நாட்களில் அங்கே உட்கார்ந்து கை பழகியவன். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று பார்த்து, பேப்பர் வைத்து, காயில் இறக்கி ஓடவிட்டுவிடுவான். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கெல்லாம் அவன்தான் வாத்தியார். ஆனால் தியரி பேப்பரில் தொடர்ந்து அரியர். அவனிடமும் நான் வைத்திருந்த அதே ஜெராக்ஸ் இருந்தது. ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. பக்கத்தில் இருந்த இங்கிலீஷ்தான் அவனுக்குள் இறங்கவில்லை. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

அவனுக்கு மோட்டார் தெரியாதா? எங்கள் எல்லோரையும்விடத் தெரியும். அவன் கைக்குத் தெரிந்ததை அவன் மொழியில் சொல்ல ஒரு புத்தகம் இருந்திருந்தால், இந்நேரம் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இந்த மலருக்கு அவனும் ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பான். புத்தகம் யாருக்காக என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிறந்தது.

தமிழில் அறிவியல் புத்தகம் வராது என்று சொல்வது பொய். 1970-ல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டது. கல்லூரியில் தமிழ் மீடியத்தில் படிப்பவர்களுக்காக இயற்பியல், வேதியியல், கணிதம், வரலாறு என்று நூற்றுக்கணக்கான நூல்கள் அச்சாயின. பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதினார்கள். பிறகு அந்த வேகம் குறைந்து, பல நூல்கள் மறுபதிப்பே காணாமல் போயின. நல்ல வேளையாக அவற்றில் பலவற்றைத் தமிழ் மின்நூலகத்தில் ஏற்றி இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். செல்போனில் தேடிப் பாருங்கள். அச்சு மங்கி இருக்கும், எழுத்து பழைய எழுத்தாக இருக்கும், ஆனால் விளக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பி.இ. படிப்பைத் தமிழ் மீடியத்திலும் தொடங்கியது. ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பும் டிப்ளமோவுக்கும் பி.இ.க்கும் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் பாடநூல்கள் எழுதவைத்து, 'ஈ-கும்ப்' என்ற இணையதளத்தில் இலவசமாகப் போட்டு வருகிறது. இதெல்லாம் வரவேற்க வேண்டிய காரியங்கள்.

ஆனால் ஒரு குறை. மொழிபெயர்ப்பு பல இடங்களில் ஒர்க்‌ஷாப் வாசலையே மிதிக்காதவர்கள் செய்தது போல் இருக்கிறது. 'காயில்' என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறவனிடம் 'சுருள்' என்ற சொல்லை மட்டும் கொடுத்தால் அவன் திகைத்துப்போவான். 'கடைசல் எந்திரம்' என்று மட்டும் அச்சடித்தால் லேத்தில் நிற்கிற பையனுக்கு அது லேத்துதான் என்று யார் சொல்வது? தமிழ்ச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகான சொற்கள்தான். பட்டறையில் புழங்குகிற சொல்லையும் பக்கத்திலேயே போடுங்கள், இரண்டும் கை கோத்து வரட்டும் என்கிறேன். தமிழ்ப் பேரகராதிக்காரர்கள் ஊர் ஊராக வழங்கும் சொல்லைத் தேடிச் சேர்த்தார்களே, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி பலித்துவிடும்.

பணம் இல்லையா, மனசு இல்லையா?

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். அந்த 30-ல் டெல்லியில் கேஸ் போட்ட மூன்று பதிப்பகங்களும் உண்டு!

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தனித்தனியாக ஒவ்வொரு கல்லூரியும் சந்தா கட்டுவதைவிட எல்லோருக்கும் சேர்த்துக் கட்டுவது மேல். ஆனால் அது ஆராய்ச்சி செய்பவர்களுக்கான பத்திரிகை. ட்ரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்று முதல்முறையாகப் படிக்கும் பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது உதவாது. மேல்மாடிக்கு 6,000 கோடியில் விளக்குப் போடும்போது, கீழே மாடிப்படிக்கும் ஒரு பல்பு போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். படி ஏறினால்தானே மேல்மாடிக்குப் போக முடியும்?

மனசிருந்தால் மார்க்கமுண்டு. லண்டனில் யு.சி.எல். பல்கலைக்கழகம் 2015-ல் ஒரு பதிப்பகம் தொடங்கியது. அதன் புத்தகங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாளில் வேண்டும் என்பவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். லண்டனில் முடிந்தது நம்மூரில் முடியாதா? எத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன நம் மாநிலத்தில்! ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரே ஒரு தொழில்நுட்பப் பாடநூலை நல்ல தமிழில், நல்ல படங்களோடு, இலவச மின்நூலாகவும் மலிவு அச்சாகவும் போட்டால், என் தம்பி பாலிடெக்னிக் வாசலுக்கு வருவதற்குள் ஒரு அலமாரியே நிறைந்துவிடுமே!

நாம் என்ன செய்யலாம்?

கேட்பது மட்டும் போதாது. நாமும் செய்ய வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று யோசனைகளை மாணவர் பேரவை முன் வைக்கிறேன்.

முதலாவது, பேரவை சார்பில் ஒரு புத்தக வங்கி. இறுதியாண்டு முடித்துப் போகிறவர்கள் புத்தகத்தையும் ஜெராக்ஸ் கட்டையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் அங்கே கொடுத்துவிட்டுப் போகட்டும். என்னுடைய ஆறு செமஸ்டர் கட்டுகளும் முதலில் வரும்.

இரண்டாவது, நம் நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் தமிழ்ப் பாடநூல்களுக்கென்றே ஒதுக்கக் கேட்போம். பாடநூல் நிறுவனத்தின் பழைய நூல்களும் ஏ.ஐ.சி.டி.இ.யின் புது நூல்களும் அதில் இறக்கி வைக்கப்படட்டும். இலவசமாக இருப்பதே தெரியாமல் நாம் காசு செலவழித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது, நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியர்கள் வாயால் சொல்லித் தருகிற பாடம் இருக்கிறதே, அதற்கு எந்த ஆக்ஸ்போர்டு புத்தகமும் ஈடாகாது. நாம் ஒவ்வொரு துறையிலும் நாலைந்து பேர் சேர்ந்து அதை எழுதி, ஆசிரியர்களிடமே காட்டித் திருத்தி, பட்டறைச் சொல்லும் பாடச் சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு சிறு கையேடாக்குவோம். பேரவை அச்சடிக்கட்டும். பக்கம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆக்ஸ்போர்டும் 1478-ல் ஒரு புத்தகத்தில்தான் ஆரம்பித்தது.

டெல்லி மாணவர்கள் கோர்ட்டு வரை போனது ஜெராக்ஸ் தாளுக்காக மட்டும் அல்ல. அறிவுக்கு வேலி போடாதே என்று சொல்லத்தான். விலை ஒரு வேலி. அதை அவர்கள் ஓரளவு தாண்டிக் காட்டிவிட்டார்கள். மொழி இன்னொரு வேலி. அதைத் தாண்டுவது நம் தலைமுறையின் வேலை. கையில் திறமை இருந்தும் காகிதத்தில் தோற்றுப்போய் யாரும் இனி நம் வகுப்பை விட்டுப் போகக் கூடாது.

சிந்திப்போம்! சேர்ந்து செயல்படுவோம்!